நான்கு நண்பர்கள், ஐந்து நாள், ஒசாகா

கேள்வி இதுதான்: "கல்லூரி நண்பர்கள் நான்கு பேர், இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். நவம்பர் கடைசியில் முதல்முறையாக ஜப்பான் போகிறோம். ஒசாகாவில் ஐந்து நாள். ஒருத்தி சுத்த சைவம். அவ்வளவு கூட்டத்தில் தொலைந்துபோகாமலும் எங்களுக்குள் சண்டை வராமலும் ஊரைப் பார்ப்பது எப்படி?"

ஒசாகாவில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். ஊரிலிருந்து நண்பர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். வழிகாட்டி வேலை என் தலையில் விழும். அதில் பார்த்த வரைக்கும், சண்டை போட்டுக்கொண்டு திரும்பியவர்கள் எல்லாரும் "எங்கே போனாலும் சேர்ந்தேதான் போக வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தவர்கள். ஒருவருக்குக் கோட்டை, ஒருவருக்குச் செருப்புக் கடை, ஒருவருக்குக் கால் வலி. நான்கு பேரும் எல்லா இடத்துக்கும் அரை மனதோடு போய், சாயங்காலம் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள்.

இதில் ஊரின் பங்கும் உண்டு. அங்கே நல்ல சாப்பாட்டுக் கடைகளில் பாதிக்கு மேல் சின்னக் கடைகள். சமையல்காரருக்கு எதிரே ஒரு நீளப் பலகை, எட்டு நாற்காலி, அவ்வளவுதான். நான்கு நாற்காலி சேர்ந்தாற்போல் காலியாகும்வரை வாசலில் நின்றால் ஒரு மணி நேரம் போகும். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்தால் பத்து நிமிடத்தில் உள்ளே இருப்பீர்கள். அதனால் நான் சொல்வது: பகலில் ஆளுக்கொரு திசை, இரவில் ஒரே மேசை. மீதி எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

பிரிந்து போக வேண்டுமென்றால் ஒவ்வொருவர் போனிலும் தனி இணைய இணைப்பு இருக்க வேண்டும். காசு மிச்சம் என்று நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே வைஃபை கருவியை வாடகைக்கு எடுக்கிறார்கள். அதை வைத்திருப்பவர் கழிவறைக்குப் போனாலே மற்ற மூவரும் குருடர்கள். ரயில் கார்டும் அப்படியே, ஆளுக்கு ஒன்று. உள்ளே நுழையும்போது தட்டி வெளியே வரும்போது தட்டுவதால் ஒரு கார்டில் இரண்டு பேர் போக முடியாது. அங்கத்திய கார்டின் பெயர் இகோகா. அந்த ஊர்ப் பேச்சில் 'இகோகா' என்றால் 'போலாமா?' என்று அர்த்தம். விலை 2,000 யென். அதில் 500 முன்பணம், மீதியைச் செலவழிக்கலாம். ரயில், பேருந்து, கன்வீனியன்ஸ் கடை, தானியங்கிப் பானப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் அதே கார்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் போனிலேயே ஏற்றிக்கொள்ளலாம். இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பொதுவாக வேலை செய்யாது, அவர்கள் பிளாஸ்டிக் கார்டு வாங்கிக்கொள்ளட்டும். சார்ஜருக்கு இரண்டு தட்டைக் கம்பி உள்ள பிளக் வேண்டும். அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

ஊரின் அமைப்பு மனதில் ஏறிவிட்டால் பாதி பயம் போய்விடும். வடக்கே உமேடா, அதைக் கீட்டா என்பார்கள். தெற்கே நம்பா, அது மினாமி. இரண்டையும் இணைத்து மிதோசுஜி என்ற பெரிய சாலை சுமார் 4 கிலோமீட்டர் நேராக ஓடுகிறது. அதன் அடியில் 1933-ல் தொடங்கிய சிவப்பு நிற மிதோசுஜி மெட்ரோ. மேலே இரு பக்கமும் கிங்கோ மரங்கள். நவம்பர் கடைசி என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், எல்லாம் மஞ்சளாக நிற்கும். ஒரு நாளாவது மெட்ரோவை விட்டுவிட்டு அந்தச் சாலையில் நடந்து பாருங்கள். இன்னொரு விஷயம் வழிகாட்டிப் புத்தகங்களில் பெரிதாகச் சொல்லமாட்டார்கள்: உமேடாவைத் தாண்டிய பிறகு மிதோசுஜி ஒருவழிச் சாலை, வண்டிகள் தெற்கு நோக்கி மட்டுமே போகும். 1970-லிருந்து அப்படித்தான். சுரங்கத்திலிருந்து ஏறி வந்து திசை தெரியாமல் நிற்கும்போது வரைபடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டாம். வண்டிகள் போகிற பக்கம் நம்பா.

தொலைந்துபோவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒசாகாவில் நண்பர்கள் ஒருவரையொருவர் தவறவிடுவதற்குக் கூட்டத்தைவிடப் பெரிய காரணம் பெயர்கள். "உமேடா ஸ்டேஷனில் நில்" என்றால் எந்த உமேடா? ஜேஆர் என்ற பெரிய ரயில் நிறுவனத்தின் நிலையத்துக்குப் பெயர் ஒசாகா. மெட்ரோவில் உமேடா, ஹிகாஷி உமேடா, நிஷி உமேடா என்று மூன்று பாதைகளுக்கு மூன்று நிலையங்கள். ஹாங்க்யூ, ஹான்ஷின் என்ற இரண்டு தனியார் ரயில்களுக்கும் தனித்தனியாக ஒசாகா உமேடா. எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பத்து நிமிடம்கூட ஆகும். நம்பாவும் அதே கதைதான்: நான்காய், கின்டெட்சு என்ற தனியார் ரயில்கள், மெட்ரோ, ஜேஆர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு நம்பா. எனவே நிலையத்தின் பெயரைச் சொல்லிச் சந்திக்காதீர்கள். நின்று காத்திருக்க இடமுள்ள ஒரு பொருளின் பெயரைச் சொல்லுங்கள். உமேடா என்றால் ஹாங்க்யூ நிலையத்தின் தரைத்தளத்தில், கினோகுனியா புத்தகக் கடைக்கு முன்னால் இருக்கும் பெரிய திரை. பிக்மேன் என்று பெயர், ஊரே அங்கேதான் ஆள் பார்க்க நிற்கும். ரொம்ப நெரிசலாகப் பட்டால் ஜேஆர் ஒசாகா நிலையத்தில் தண்டவாளங்களுக்கு மேலே ஐந்தாவது மாடியில் உள்ள தங்கக் கடிகாரம். நம்பா என்றால் தகாஷிமாயா கடை வாசலுக்கு எதிரே உள்ள திறந்தவெளி. 2023 நவம்பரில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்காகத் திறந்தார்கள். எல்லாரும் சொல்லும் எபிசு பாலத்தில் மட்டும் சந்திக்க வேண்டாம். ஓடும் மனிதர் விளம்பரப் பலகையைப் படம் எடுக்க நிற்கும் கூட்டத்தில் உங்கள் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

உமேடாவின் தரைக்கு அடியில் இன்னொரு ஊரே இருக்கிறது. 1963-ல் ஒரு சுரங்கக் கடைவீதியாகத் தொடங்கி, பக்கத்துக் கட்டடங்களின் அடித்தளங்களோடு சேர்ந்து சேர்ந்து இன்றைக்கு உள்ளூர்க்காரர்களே 'உமேடா டன்ஜன்' (பாதாளச் சிறை) என்று கேலி செய்யும் அளவுக்குப் பின்னிக்கிடக்கிறது. போனில் நீலப் புள்ளி அங்கே தாவித் தாவிக் குதிக்கும், நம்பாதீர்கள். தலைக்கு மேல் தொங்கும் மஞ்சள் பலகையில் வெளியேறும் வழிக்கு எண் இருக்கும். போக வேண்டிய இடத்துக்கு எந்த எண் என்பதை முன்பே பார்த்துக்கொண்டு அதை மட்டும் துரத்துங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் குழம்பினால் எந்தப் படியானாலும் ஏறி வெளியே வந்துவிடுங்கள். வானம் தெரிந்தால் புத்தி தெளியும்.

ரயிலில் நான்கு பேர் என்பது நமக்குச் சாதாரணம், அவர்களுக்கு அது இரைச்சல். போனில் பேசுவதில்லை, ரிங் சத்தம் வராது. அதற்காக வாயைத் தைத்துக்கொள்ள வேண்டியதில்லை. டோக்கியோவோடு ஒப்பிட்டால் ஒசாகாக்காரர்கள் நன்றாகவே பேசுவார்கள், நம் கூட்டத்தின் குரலில் பாதியாகக் குறைத்தால் போதும். ஆண்கள் இருவரும் கவனிக்க வேண்டியது: மிதோசுஜி வண்டியில் ஆறாவது பெட்டி வார நாட்களில் முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டிவரை பெண்களுக்கு மட்டும். பிளாட்பாரத் தரையில் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும். கதவு மூடப்போகிறது என்று ஓடிப்போய் ஏறுகிறவர்கள்தான் மாட்டுவார்கள். எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். நடக்காமல் இரு பக்கமும் நில்லுங்கள் என்று அறிவிப்பு சொல்லிக்கொண்டே இருக்கிறது, ஊர் கேட்கிற மாதிரி இல்லை. முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றுவிடுங்கள்.

மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 190 யென். ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குவதாக இருந்தால் எஞ்சாய் எகோ என்ற ஒருநாள் கார்டு லாபம்: வார நாளில் 820, சனி ஞாயிறு 620. ஜேஆரிலும் தனியார் ரயில்களிலும் அது செல்லாது. ஜேஆரின் வட்டப் பாதையில் ஒரு பொறி உண்டு. பெயர்தான் வட்டப் பாதை. அதே பிளாட்பாரத்தில் நாராவுக்கும் விமான நிலையத்துக்கும் போகும் வண்டிகளும் வரும். சும்மா ஏறி உட்கார்ந்தால் மான்கள் மேயும் ஊரில் போய் இறங்குவீர்கள். (அது ஒன்றும் மோசமில்லை.) வண்டியின் முகப்பில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

முதல் மாலையை நம்பாவின் கால்வாயோரத் தெருவான டோட்டோன்போரிக்கே கொடுத்துவிடுங்கள். எப்படியும் போவீர்கள், களைப்பாக இருக்கும் நாளில் போனால் நேரம் வீணாகாது. பெரிய நண்டு, ஒளிரும் பலகைகள், கால்வாயில் படகு, எல்லாம் கண்ணுக்குத்தான். அந்தக் கால்வாயின் கதை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். 1612-ல் டோட்டோன் என்ற ஒருவர் வெட்டத் தொடங்கினார். ஒசாகாக் கோட்டையில் இருந்த டோயோட்டோமி குடும்பத்துக்கும் டோக்குகாவா படைக்கும் மூண்ட போரில் கோட்டைப் பக்கம் நின்று 1615-ல் செத்துப்போனார். அதே ஆண்டு கோட்டை விழுந்தது, உறவினர்கள் கால்வாயை வெட்டி முடித்தார்கள். ஜெயித்த பக்கம் அனுப்பிய புதிய அதிகாரி, தோற்ற பக்கத்தில் செத்தவரின் பெயரையே அதற்கு வைத்தார். நீங்கள் பார்க்கப்போகும் கோட்டை மாளிகை 1931-ல் ஊர்மக்கள் காசு போட்டுக் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே லிஃப்ட் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. வெளியே அகழியும் மதில் கற்களும் போதும், ஒரே கல் ஒரு அறை அளவுக்கு இருக்கும்.

டோட்டோன்போரியின் கூச்சல் தாங்கவில்லை என்றால் தெற்கே இரண்டு சந்து உள்ளே போங்கள், ஹோசென்ஜி. கல் பாவிய குறுகிய சந்து, காகித விளக்கு, மூலையில் ஒரு சின்னக் கோவில். வருகிறவர்கள் எல்லாம் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஃபுடோ என்ற தெய்வச் சிலையின் முகமே தெரியாமல் பாசி மூடியிருக்கும். அந்த ஃபுடோ நம் பக்கத்திலிருந்து பௌத்தத்தோடு போன அசலர்தான். பெயரின் பொருளும் அதேதான், அசையாதவர். கரண்டியை எடுத்து நீங்களும் ஊற்றலாம், அபிஷேகம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி உங்கள் சைவத் தோழி. இதில் பூசி மெழுகாமல் சொல்கிறேன்: ஒசாகா சாப்பாட்டு ஊர், தின்றே போண்டியாகும் ஊர் என்று ஜப்பானியர்களே சொல்வார்கள். ஆனால் சைவத்துக்குக் கஷ்டமான ஊர். காரணம் இறைச்சி இல்லை; தாஷி. சூப், குழம்பு, சாஸ், மாவு என்று எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அந்தச் சாறு கடற்பாசியோடு சூரை மீனைப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவிய சீவலைப் போட்டு எடுப்பது. தூத்துக்குடி, யாழ்ப்பாணம் பக்கத்து ஆட்களுக்கு மாசிக்கருவாடு என்றால் உடனே புரியும். அதே மீன், ஏறக்குறைய அதே பக்குவம். "மீட் இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் அது உண்மைதான், அவர் கணக்கில் சாறு மீன் இல்லை. ஒக்கோனோமியாக்கி என்ற அடையை வெறும் முட்டைக்கோஸ் போட்டுக் கேட்டாலும் மாவைத் தாஷியில்தான் கரைத்திருப்பார்கள், மேலே மீன் சீவல் ஆடிக்கொண்டு வரும். உடோன் நூடுல்ஸ், குளிர்ந்த சோபா நூடுல்ஸுக்குத் தரும் சாறு, இனிப்பான பொரித்த டோஃபு, எல்லாவற்றிலும் அதே. பொட்டலக் குழம்புக் கட்டிகளில் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு இருக்கும்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி "கத்சுவோ தாஷி ஹைத்தே இமாஸ் கா?", அதாவது சூரைச் சாறு சேர்ந்திருக்கிறதா என்று. இதை ஜப்பானிய எழுத்தில் போனில் எழுதி வைத்துக் காட்டுங்கள், உச்சரிப்பில் தடுக்காது. அசைவம் சாப்பிடும் மூவரும் தக்கோயாக்கி என்ற ஆக்டோபஸ் உருண்டை தின்ன வரிசையில் நிற்கும் நேரத்தில் அவளைப் பக்கத்தில் நிற்கவைத்து மோர் குடிக்கச் சொல்லாதீர்கள், அங்கே மோரும் கிடையாது. உமேடாவிலும் நம்பாவிலும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. சுத்த சைவ ஜப்பானியச் சாப்பாடு வேண்டுமென்றால் ஒரு நாள் நான்கு பேருமாக நம்பாவிலிருந்து நான்காய் ரயிலில் கோயாசான் மலைக்குப் போய்விடுங்கள். கூகாய் என்ற துறவி 816-ல் தொடங்கிய மடத்து ஊர். அங்கே மடங்களில் தரும் சாப்பாட்டில் மீன் சாறே கிடையாது, கடற்பாசியும் காளானும்தான். ஐந்து நாளில் அவள் சந்தேகமில்லாமல் சாப்பிடும் ஜப்பானியச் சாப்பாடு அது ஒன்றாகத்தான் இருக்கும். நவம்பரில் மேலே குளிர் கடுமை, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவுக் கடைகளில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும். ட்சுகிதாஷி என்று பெயர், தலைக்குச் சில நூறு யென் பில்லில் ஏறும். ஏமாற்று இல்லை, உட்காரும் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் கொடுத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். நான்கு பேர் தனித்தனியாகப் பணம் கட்டச் சின்னக் கடைகள் விரும்பாது, ஒருவர் கொடுத்துவிட்டு இரவில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் கையில் அட்டை வைத்துக்கொண்டு "வாங்க, மலிவு" என்று ஆங்கிலத்தில் கூப்பிடுபவர் பின்னால் மட்டும் போகாதீர்கள். நல்ல கடைக்கு ஆள் பிடிக்கத் தேவை வராது.

பகலில் யார் எங்கே போவது? ஆளைப் பொறுத்தது. மின்னணுச் சாமான், அனிமே பொம்மை என்றால் நிப்போன்பாஷியின் டென்டென் டவுன். பழைய வீடுகளும் அமைதியான காபிக் கடைகளும் வேண்டுமென்றால் உமேடாவிலிருந்து பத்து நிமிடம் நடந்து நக்கசாக்கிச்சோ. போரில் குண்டு விழாமல் தப்பிய தெருக்கள். குரோமோன் சந்தையைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இப்போது அங்கே விலை முழுக்கச் சுற்றுலாப் பயணிகளுக்கானது. நான் தென்ஜின்பாஷி கடைவீதிக்குத்தான் அனுப்புவேன். கூரை போட்ட வீதி 2.6 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமானது என்பார்கள். பாட்டிகள் சைக்கிளில் வந்து கத்தரிக்காய் பேரம் பேசாமல் வாங்குவதைப் பார்க்கலாம். வட கோடியில் ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் குடியிருப்பு அருங்காட்சியகம். எடோ காலத்து (17 முதல் 19-ம் நூற்றாண்டு வரை) ஒசாகாத் தெரு ஒன்றை நிஜ அளவில் கட்டிவைத்திருக்கிறார்கள். என் கூட்டத்தில் யாருமே கேட்டு வராத இடம், போனவர்கள் எல்லாரும் இரண்டு மணி நேரம் வெளியே வராத இடம்.

நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், இதைக் கணக்கில் வையுங்கள். வெளி இடங்களைக் காலையில் முடித்துவிட்டு, நாலேகாலுக்கு எல்லாரும் உமேடா ஸ்கை கட்டடத்தில் கூடினால் 173 மீட்டர் உயரத்தில் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம். குப்பைத் தொட்டி தெருவில் இருக்காது, ஆளுக்கு ஒரு பை. யாராவது புகைப்பவர் இருந்தால் 2025 ஜனவரியிலிருந்து நகரம் முழுக்கத் தெருவில் புகைக்கத் தடை, அபராதம் 1,000 யென். பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும், அது அங்கே சட்டம்.

கடைசி ரயில் நள்ளிரவு பன்னிரண்டு மணி சுமாருக்குப் போய்விடும். தவறவிட்டால் பதற வேண்டாம், டாக்சியில் நான்கு பேர் ஏறலாம். நீங்கள் நான்கு பேராக இருப்பதில் லாபம் கிடைக்கும் ஒரே வாகனம் அதுதான். கதவைத் தொடாதீர்கள், டிரைவரே திறந்து மூடுவார்.

கடைசி நாள் விமான நிலையத்துக்கு நான்காய் ரயிலில் போனால் நம்பாவிலிருந்து முக்கால் மணி நேரம், வம்பில்லை. ஜேஆரின் விரைவு வண்டியில் போனால் கவனம். அது எட்டுப் பெட்டியாகக் கிளம்பி ஹினேனோ என்ற நிலையத்தில் இரண்டாக வெட்டிக்கொள்ளும். முதல் நான்கு பெட்டி விமான நிலையத்துக்கு, பின் நான்கு பெட்டி வகாயாமாவுக்கு. ஐந்து நாள் பிரிந்து பழகிய என் நண்பர்கள் இரண்டு பேர் "பின்னால் இடம் இருக்கிறது" என்று ஆறாவது பெட்டியில் போய் உட்கார்ந்து, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்கள். முன்னால் இருந்த நாங்கள் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் ஆரஞ்சுத் தோட்டங்களைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். விமானம் புறப்பட மூன்று மணி நேரம் இருந்ததால் பிழைத்தோம். அந்த ஒரு வண்டியில் மட்டும் நான்கு பேரும் ஒன்றாக, ஒன்றிலிருந்து நான்குக்குள் ஒரு பெட்டியில், சூட்கேஸ்களை மடியில் வைத்துக்கொண்டாவது உட்காருங்கள்.